பூவை விடுங்கள் டீச்சர், முதலில் இலையைப் பாருங்கள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் கேட்டிருந்தார். சுற்றுச்சுவரை ஒட்டி 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் இடம் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பு சேர்த்து 32 பிள்ளைகள். ஜூன் மாதம் நர்சரியில் இட்லிப்பூ, செண்டுப்பூ, ரோஜா எல்லாம் வாங்கி வைத்தார்கள், பாதி காய்ந்துவிட்டது. மீதிப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வருகிறது, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. எங்கே தப்பு செய்தோம், பெட்டி வாங்கி அதில் வளர்க்கலாமா, லீவு விட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

டீச்சர், நீங்கள் செய்ததில் பெரிய தப்பு எதுவும் இல்லை, பாதியை மட்டும் செய்திருக்கிறீர்கள். பூ என்பது பட்டாம்பூச்சிக்கு டீக்கடை மாதிரி. வரும், குடிக்கும், போகும். பிள்ளை பெற அது தேடிப் போவது வேறு இடம், அங்கே பூவே இல்லாமல் இருக்கலாம், இலை இருந்தால் போதும். அதுவும் ஏதோ ஒரு இலை இல்லை, அந்தந்த வகைக்கு என்று சில செடிகளின் இலைதான் ஆகும். அந்த இலை உங்கள் இடத்தில் இருந்தால் பட்டாம்பூச்சி அங்கேயே பிறக்கும், பிள்ளைகளுக்குத் தினமும் பார்க்க ஏதாவது இருக்கும். பிள்ளைகளுக்கு ஆர்வம் போனதாக நினைக்காதீர்கள், பறந்து போகிற ஒன்றை எத்தனை நாள் பார்ப்பார்கள்? நகராமல் இலையைத் தின்றுகொண்டே இருக்கிற ஒரு புழுவைக் காட்டுங்கள், மணி அடித்தாலும் வகுப்புக்குப் போக மாட்டார்கள். கடலூர், பாகூர், புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளிகளில் பதினைந்து வருஷமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும். இரண்டு கறிவேப்பிலைக் கன்று, ஒரு எலுமிச்சையோ நாரத்தையோ வையுங்கள். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று இரண்டு பட்டாம்பூச்சிகள் நம் ஊரில் எங்கும் உண்டு, இரண்டும் இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டை வைக்கும். கன்று இடுப்பு உயரம் வந்து கொழுந்து விட்டால் போதும், தாய் தானாகக் கண்டுபிடித்து வந்துவிடும். அது முட்டை வைக்கிற விதத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். செடியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், ஒரு இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும், அதற்குக் காலில்தான் ருசி தெரியும். இல்லை என்றால் அடுத்த இலை. சரி என்று பட்டால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை, உடனே கிளம்பிவிடும். வெளிர் மஞ்சளில், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக இருக்கும். முட்டை வைத்த இலையின் காம்பில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள், மறுநாள் தேட வேண்டியதில்லை.

மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டையே தின்னும். சின்ன வயதில் அது பார்க்க அசல் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும், பழுப்பில் வெள்ளைத் தீற்றலோடு. "சீ, எச்சம்" என்று தள்ளிப்போகிற பிள்ளையிடம் இன்னொரு தடவை பார் என்று சொல்லிப் பாருங்கள், எச்சம் மெல்ல நகரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பறவையும் இப்படித்தான் ஏமாறுகிறது என்பதை அப்போது சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது. நான்கு தடவை தோல் உரிக்கும், கடைசித் தோலில் பச்சையாகிவிடும், இலையோடு இலை. அந்தப் பருவத்தில் ஒரு புல்லால் முதுகை லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த ஒரு கொம்பு நீட்டும், கூடவே புளித்த நாரத்தங்காய் மாதிரி ஒரு வாடை வரும். எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கிற ஆயுதம். ஒரு பிள்ளை ஒரு தடவை தொட்டால் போதும், 32 பேரும் தொட்டால் புழு தின்பதை விட்டுவிடும், அதை முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

புழு எங்கே என்று தெரியவில்லை என்றால் இலையைப் புரட்டிப் புரட்டித் தேடக் கூடாது. கீழே தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பாக, மிளகை உடைத்துப் போட்ட மாதிரி உருண்டைகள் கிடந்தால் அதற்கு நேர் மேலே இருக்கிறது. பாகூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பில் வாயே திறக்காத ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண், செடிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, காலையிலும் மாலையிலும் விழுந்த எச்சத்தை எண்ணிக் கோடு போட்டு வைத்திருந்தாள். உருண்டை நாளுக்கு நாள் பெரிதாவதையும், ஒரு நாள் திடீரென்று எதுவுமே விழாததையும் அவளே எழுதியிருந்தாள். விழாத அந்த நாளில்தான் புழு தோல் உரிக்கத் தயாராகிச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு வாரம் தின்றபின் கூட்டுப்புழு. இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, தென்னை ஏறுகிறவர் கயிற்றில் சாய்ந்து நிற்கிற மாதிரி சாய்ந்து நிற்கும். பச்சைத் தண்டில் இருந்தால் பெரும்பாலும் பச்சை, சுவரிலோ காய்ந்த குச்சியிலோ இருந்தால் பழுப்பு. எத்தனை பச்சை, எத்தனை பழுப்பு, எதன் மேல் என்று பிள்ளைகளே கணக்கு எடுக்கலாம். ஏறக்குறைய பத்து நாளில், பெரும்பாலும் காலையில், பட்டாம்பூச்சி வெளியே வரும். சிறகு கசங்கிய துணி மாதிரி இருக்கும், தொங்கிக்கொண்டு அதை விரிக்கும், அப்போது பின்னாலிருந்து கலங்கலாகச் சில சொட்டு விழும். அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு என்று முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் ஒரு பிள்ளையாவது அழும். சிறகு காயும்வரை யாரும் தொடக் கூடாது, அந்த நேரத்தில் கீழே விழுந்தால் சிறகு கோணலாகவே காய்ந்துவிடும், அப்புறம் பறக்கவே முடியாது.

பெட்டி வேண்டாம் டீச்சர். ஆரம்பத்தில் நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பதினோரு புழு போட்டு வகுப்பில் வைத்தேன். சனி, ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை திறந்தால் இலை வியர்த்து, பூஞ்சை பிடித்து, ஒன்றுகூட உயிரோடு இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றையிலிருந்து செடியிலேயேதான் பார்ப்பது. செடியில் விட்டால் எல்லாம் பிழைக்குமா என்றால் பிழைக்காது. குருவி தின்னும், எறும்பு முட்டையைத் தூக்கும். சில கூட்டுப்புழுவில் பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குளவிகள் ஓட்டை போட்டுக்கொண்டு வரும், தாய்க் குளவி உள்ளே வைத்த முட்டையிலிருந்து வந்து, புழுவைத் தின்று வளர்ந்தவை அவை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பத்து வைத்தால் ஒன்றிரண்டு தேறும், அதனால்தான் தாய் அத்தனை முட்டை வைக்கிறது, அந்தக் குளவி இல்லை என்றால் உங்கள் கறிவேப்பிலையில் ஒரு இலை மிஞ்சாது என்று சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

அடுத்தது எருக்கு. முதுநகர் மணலில் நீங்கள் வைக்கவே வேண்டாம், தானாக வந்திருக்கும், இருப்பதை வெட்டாமல் விட்டால் போதும். வெந்தய வரியன் என்கிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு அதுதான் வீடு. புழு வெள்ளை, கருப்பு, மஞ்சள் பட்டை போட்டு, ஒளியாமல் இலை மேலேயே உட்கார்ந்திருக்கும். எருக்கின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் அதற்கு ஒளிய வேண்டிய அவசியம் இல்லை, ஒரு தடவை வாயில் வைத்த பறவை மறுபடி தொடாது. எச்சம் மாதிரி ஒளிகிற புழுவையும், சட்டை போட்டுக்கொண்டு திமிராக உட்கார்ந்திருக்கிற இந்தப் புழுவையும் அருகருகே பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்ததைவிட அதிகம் தெரிந்துவிடும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுவரோரத்தில், பிள்ளைகள் ஓடாத மூலையில் இருக்கட்டும், இலையைப் பறிப்பது நீங்கள் மட்டும். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வேலையின் ஒரு பகுதி.

அரளிக்கும் அதே எச்சரிக்கை உண்டு, ஆனாலும் அரளியை நான் விட மாட்டேன், ஒரே ஒரு காரணத்துக்காக. வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சி அரளி இலையில் வளரும், அதன் கூட்டுப்புழு வெள்ளிக் குமிழ் மாதிரி, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் எதிரில் நிற்கிறவரின் முகம், வானம், சுவர் எல்லாம் குட்டியாக வளைந்து தெரியும். பிள்ளைகள் வரிசையில் நின்று அதில் முகம் பார்த்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்குள் வைக்கத் தயக்கம் இருந்தால் பக்கத்துக் கோயிலில் பூவுக்கு வைத்த அரளி இருக்கும், அங்கே அழைத்துப் போங்கள். ஆமணக்கு மட்டும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் வேண்டாம், விதை அழகாக இருக்கும், வாயில் போட்டால் விஷம்.

இடம் இன்னும் இருந்தால் ஒரு சரக்கொன்றையோ ஆவாரையோ, கொன்னை வெள்ளையன் என்கிற பட்டாம்பூச்சிக்கு. ஆடுதின்னாப்பாளை கிடைத்தால் விடாதீர்கள், ரோஜா அழகி வரும். அது வந்தால் ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறது. கறிவேப்பிலை அழகியில் சில பெண்கள் அப்படியே ரோஜா அழகி மாதிரியே சிறகு போட்டிருக்கும், கருப்பில் வெள்ளையும் சிவப்புமாக. ரோஜா அழகியின் உடம்பில் நஞ்சு, பறவை தின்னாது, இது அதன் வேஷத்தைப் போட்டுத் தப்பிக்கிறது. கண்டுபிடிப்பது எப்படி என்றால், சிறகைப் பார்க்காமல் உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, வேஷக்காரிக்குக் கருப்பு. இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் உங்களைவிட வேகமாக அவர்கள் சொல்வார்கள். பள்ளியில் நெட்டிலிங்க மரம் வரிசையாக இருந்தால் தலைக்கு மேலே பச்சைப் புள்ளி போட்ட ஒன்று நிற்காமல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த இலையில்தான் பிறந்தது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் செடியின் தடித்த இலைக்குள்ளேயே புகுந்து தின்கிற புழுவும் உண்டு, அதற்கு ஒரு தொட்டி போதும்.

பூவே வேண்டாமா என்றால் வேண்டும். ஆனால் நர்சரி அடுக்குச் செண்டுப்பூவும் ரோஜாவும் பார்க்கத்தான் அழகு, இதழ் அடுக்கடுக்காக இருக்கிற பூவில் தேன் குறைவு, இருந்தாலும் உறிஞ்சுகுழல் போக வழி இல்லை. இட்லிப்பூ நல்லது, நாட்டு ரகமாகப் பாருங்கள். தும்பை, நித்யகல்யாணி, சீமை நாயுருவி நல்லது. இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் களை என்று பிடுங்கிப் போட்டிருப்பீர்களே, அந்த வெட்டுக்காயப்பூண்டு. ஒரு சாண் உயரம், மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூ, உப்புக் காற்றிலும் வறட்சியிலும் பூத்துக்கொண்டே இருக்கும். உன்னிச்செடிக்குப் பட்டாம்பூச்சி நிறைய வரும், ஆனால் அது பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும், புதிதாக வைக்காதீர்கள். ஒரு கிலுகிலுப்பைச் செடி அவசியம். காய் காய்ந்தால் விதை உள்ளே கிலுகிலுவென்று ஆடும், பிள்ளைகள் ஆட்டி விளையாடுவார்கள். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சிகள் அதன் காய்ந்த இலையையும் தண்டையும் மொய்க்கும், ஆண்கள்தான் அதிகம், பெண்ணை ஈர்க்கிற வாசனைக்குத் தேவையான சரக்கு அதில் இருக்கிறது. தேள்கொடுக்குச் செடிக்கும் இதே கதைதான். நர்சரியில் வாங்கிய எந்தச் செடியையும் உடனே நடாமல் சில வாரம் தனியாக வைத்துப் புதுத் துளிர் விட்டபின் நடுங்கள், பூச்சிமருந்து ஏற்றிய செடியாக இருந்தால் அதைத் தின்கிற புழு செத்துவிடும். வேப்பெண்ணெய்கூட அடிக்கக் கூடாது.

தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தேங்கிய தண்ணீர் வேண்டாம், டெங்கு கொசு அங்கேதான் முட்டை வைக்கும். ஒரு மண் தட்டில் மணலைப் போட்டு, சிட்டிகை உப்பும் கொஞ்சம் சாணமும் கலந்து, மணல் ஈரமாக இருக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஆண் பட்டாம்பூச்சிகள் உப்புச்சத்துக்காக அதில் வந்து உட்காரும், குடிக்கும்போது அசையாது, படம் வரைய அதுதான் நேரம்.

ஜூனில் வைத்ததுதான் உங்கள் செடி காய்ந்ததற்குக் காரணம். அந்த நேரத்தில் மேல்காற்று அனலாக அடிக்கும், மணல் தரையில் தண்ணீர் நிற்காது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஜூனில் குழி எடுத்து, தொழு உரமும் குளத்து வண்டலும் போட்டு ஆறவிடுங்கள், ஆடி கடைசியில் நடுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்களிலும், தை, மாசியிலும் தளிரும் புழுவும் நிறைய இருக்கும். புயல் வருகிற ஊர், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் இடுப்பு, நெஞ்சு உயரத்தில் கவாத்து செய்து புதராகவே வளருங்கள். பிள்ளைகளின் கண் மட்டத்துக்கும் அதுதான் வசதி.

கவனிப்பதற்கு வருகிறேன். காலை எட்டரையிலிருந்து பத்து நல்ல நேரம். பட்டாம்பூச்சி தன் உடம்பைத் தானே சூடாக்க முடியாது, வெயிலில் சிறகை விரித்து உட்கார்ந்து காயும், அப்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைக்கு ஒரு செடி என்று ஒதுக்கிவிடுங்கள், அது அவர்கள் செடி. கூட்டமாக நின்று டீச்சர் விளக்குவதைவிட இரண்டு பேர் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். போன் வேண்டாம், பென்சில் கொடுங்கள். படம் எடுத்த பிள்ளைக்கு எத்தனை கால் என்று தெரியாது, வரைந்த பிள்ளைக்குத் தெரியும். வெந்தய வரியனை வரைந்த ஒரு பையன் "நான்கு கால்தான் இருக்கிறது" என்று வந்து நின்றான், அவன் பார்த்தது தப்பு என்று நானே மற்றப் பிள்ளைகளைச் சொல்ல வைத்துவிட்டேன். அப்புறம் கிட்டப் போய்ப் பார்த்தோம், அந்தக் குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், நிற்பது நான்கு காலில். அவன் பார்த்தது சரி. பெயரை முதலிலேயே சொல்லாதீர்கள், அவர்களே ஒரு பெயர் வைக்கட்டும், ஒரு வாரம் கழித்து உண்மைப் பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று 2019-ல் அறிவித்தார்கள், பிள்ளைகள் அதைத் தேடுவார்கள், அது மலைக்காட்டில் இருப்பது, கடற்கரை ஊரில் வராது என்று சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்து, முன்னால் பத்து அடிக்குள் தெரிகிறதை மட்டும் எண்ணுங்கள். இங்கிலாந்தில் 1976-லிருந்து இப்படித்தான் ஒரே பாதையில் நடந்து எண்ணி வருகிறார்கள். ஒரு வருஷம் சேர்ந்தால் எந்த மாதம் எது கூடுகிறது என்று பிள்ளைகள் சார்ட்டில் போடுவார்கள். செப்டம்பரில் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடுகிறார்கள், அதில் உங்கள் கணக்கும் சேரலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மகரந்தச் சேர்க்கையில் பெரிய வேலை செய்வது பட்டாம்பூச்சி இல்லை, தேனீக்கள். அதனால் ஒரு ஓரத்தில் முருங்கையும் இரண்டு கத்தரியும் வையுங்கள். முருங்கைப் பூவுக்குப் பெரிய கருப்புத் தச்சுத்தேனீ வரும். கத்தரிப் பூவில் வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ பூவைக் கட்டிப்பிடித்து 'ங்ங்' என்று உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். பூவைக் கையால் மூடாமல் இருந்தால் அவை யாரையும் கொட்டப் போவதில்லை.

பெரியவர்கள்தான் உங்களுக்குப் பெரிய தொல்லையாக இருப்பார்கள். ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் "புழு பிடித்த செடி" என்று எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள், ஒன்பது கூட்டுப்புழு போய்விட்டது. இப்போதெல்லாம் நான் முதல் நாளே பிள்ளைகள் கையெழுத்தில் பலகை வைத்துவிடுகிறேன்: இங்கே புழு வளர்கிறது, வெட்டாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள். கொசு மருந்துப் புகை அடிக்க வருகிறவர்களிடமும் பிள்ளைகளே போய்ச் சொல்வார்கள், அவர்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

மே மாத லீவுக்கு, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிய ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, துணியால் மூடிக் கட்டுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்கு முறை போட்டுக் கொடுங்கள். எருக்கும் அரளியும் தண்ணீர் கேட்காது. கறிவேப்பிலையைச் சித்திரையில் ஒரு தடவை ஒடித்துவிட்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது கொழுந்தாக இருக்கும், நான்காம் வகுப்புக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே முட்டை காட்டலாம்.